ஆமாம், நான்தான் அந்த டீக்கடை கலெக்டர்

டீக்கடைக்குள் சிகரெட் பிடித்த ஒரு தம்பியிடம் நான் கத்திய ஞாயிற்றுக்கிழமை வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். பார்க்காத நாலு பேருக்கும் நல்ல உள்ளங்கள் டேக் செய்து காட்டிவிட்டார்கள். அதனால் நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் எடுத்தவுடன் கத்தவில்லை. "தம்பி, கொஞ்சம் வெளியே போய்ப் பிடிங்களேன்" என்றுதான் முதலில் சொன்னேன். அதை வெட்டிவிட்டு, அதற்குப் பிறகு நான் பேசியதை மட்டும் பின்னணி இசையோடு ஓடவிட்டிருக்கிறார்கள். "டீக்கடை கலெக்டர்" என்று பட்டம் வேறு. சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

"அவன் காசு, அவன் நுரையீரல், உனக்கென்ன?" என்று கேட்பவர்களுக்கு: அவன் நுரையீரலைப் பற்றி நான் பேசவே இல்லையே! என் மூக்கைப் பற்றித்தான் பேசினேன். பாக்கெட் பாக்கெட்டாகப் பிடிக்கட்டும். பத்துக்கு எட்டு கடைக்குள், நான் உட்கார்ந்திருக்கும் அதே பெஞ்சில் பிடிக்க வேண்டாம், அவ்வளவுதான். இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2003-இல் வந்தது. பொது இடத்தில் புகை பிடிக்கத் தடை போடும் விதிகள் 2008 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று நடைமுறைக்கு வந்தன. அபராதம் 200 ரூபாய் வரை. அந்தக் கடையிலும் போர்டு உண்டு, வாழைத்தாருக்குப் பின்னால். தார் தீரும் நாளில் படித்துக்கொள்ளலாம். போர்டுக்கு நேர் கீழே சரட்டில் லைட்டர் தொங்குகிறது.

அடுத்து, "தேர்வு செய்யும் உரிமை" என்று ஒரு அண்ணன் நீளமாக எழுதியிருந்தார். எல்லாம் தெரிந்து செய்வதற்குத்தானே தேர்வு என்று பெயர்? பாக்கெட்டின் இரண்டு பக்கமும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்பது 2016-இலிருந்து விதி. அந்தத் தம்பி வாங்கியது ஒரே ஒரு சிகரெட். கடைக்காரர் பாக்கெட்டிலிருந்து உருவிக் கொடுத்தார். படம் கடைக்காரரோடு நின்றுவிட்டது, புகை மட்டும் எங்கள் பெஞ்சுக்கு வந்தது. நான் எதைத் தேர்வு செய்தேன்? சர்க்கரை கம்மியாக ஒரு டீ.

எங்கள் அப்பா பீடி பிடிப்பார். தங்கமான மனுஷன், ஒரு நாள் எங்களைக் கை நீட்டியதில்லை. மரியாதையாக ஜன்னலோரம் போய், கம்பிக்கு வெளியேதான் ஊதுவார். காற்று அந்தப் புகையை அப்படியே உள்ளே கொண்டுவரும். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அம்மாவின் அடுப்பு. முப்பது வருஷம். சாம்பல் தட்ட ஒரு பழைய பவுடர் டப்பா வைத்திருந்தார், அதைக் கழுவி வைப்பதும் அம்மாதான். அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் யார் புகை பிடிப்பாங்க?" அப்பா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்புப் புகையும் காரணம்தான் என்றார் டாக்டர், மறுக்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே அப்பா ஆஸ்பத்திரி வாசல் பெட்டிக்கடையில் நின்றார். வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை.

"டாஸ்மாக்கை மூடச் சொல்ல தைரியம் இருக்கா?" இருக்கிறது. மூடுங்கள். வேறு?

"பஸ் புகை மட்டும் பரவாயில்லையா?" பஸ் என்னை வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறது. உங்கள் தம் எங்கே கொண்டுபோய் விடும்?

"இ-சிகரெட்டை 2019-இல் தடை செய்தார்கள், சாதா சிகரெட் மூலைக்கு மூலை விற்கிறது, இதில் என்ன நியாயம்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. நாட்டின் பெரிய சிகரெட் கம்பெனியில் நம் எல்.ஐ.சி.யே பங்கு வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் அபராதம் கட்டப்போவது டீக்கடைக்காரர்தான், அதுவும் தெரியும்.

நியூசிலாந்தில் 2009 முதல் பிறந்தவர்களுக்கு எந்த வயதிலும் சிகரெட் விற்கக் கூடாது என்று 2022-இல் சட்டம் போட்டார்கள். அடுத்து வந்த அரசு 2024-இல் அதைத் தூக்கிவிட்டது. என்னைக் கேட்டால் அந்தச் சட்டம்தான் சரி. மொத்தமாக நிறுத்த வேண்டும். மேலே "பாக்கெட் பாக்கெட்டாகப் பிடிக்கட்டும்" என்று எழுதியிருக்கிறேன், தெரியும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறு வயதில் மில் வாசலில் யாரோ நீட்டிய பீடியை வாங்கிய பையன் எந்தச் சுதந்திரத்தில் வாங்கினான்? ஐம்பது வயதில் அதை விட முடியாமல் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தாரே, அதுவும் தனிமனித உரிமைதானா?

அந்த வீடியோவுக்குச் சிரிப்பு போட்டவர்களின் பட்டியலை ராத்திரி முழுக்கப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பதினான்காவது பெயர் என் தம்பியுடையது. அம்மாவுக்கு நெபுலைசர் வைத்த ராத்திரிகளில் மாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவன் அவன்தான்.

டேய், இதைப் படித்தால் போன் பண்ணு. சிரிப்பை எடுக்கச் சொல்ல மாட்டேன்.