செருகியே இருந்த டிஸ்க்கும் போய்விட்டது
கணினியில் எல்லாவற்றையும் சேமிக்க எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) ஒன்று போதும் என்கிறது இங்கே வந்த கட்டுரை. வேகத்துக்குச் சரி, விண்டோஸை அதில்தான் போட வேண்டும். ஆனால் படங்களுக்கு அது மட்டும் காணாது. போன வருஷம் கோண்டாவிலில் எங்கள் வீட்டில் மின்னல் அடித்தபோது, கணினியோடு சேர்த்து எப்போதும் செருகியே இருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கும் போய்விட்டது. அம்மம்மாவின் கடைசிப் படங்கள் அதில்தான் இருந்தன. கனடாச் சித்திக்கு அனுப்பிய சில மட்டும் தப்பின.

இப்போது 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஞாயிறுதோறும் ஒன்றில் பிரதி எடுத்து உடனே கழற்றிவிடுவேன். மற்றது அக்கா வீட்டில், மாதம் ஒருமுறை இரண்டையும் இடம் மாற்றுவோம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளை இழந்த ஊர் எங்களுடையது. அப்புறம், எடுத்த பிரதியில் நாலைந்து படங்களைத் திறந்தும் பாருங்கள்.