அழும் குழந்தையைத் தூக்கினால் பிடிவாதம் வளருமா?

"அழும்போதெல்லாம் தூக்காதீர்கள், பிறகு இறக்கிவிடவே முடியாது" என்ற அறிவுரை வாட்ஸ்அப்பில் மீண்டும் வலம் வருகிறது. பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைக்கு இது பொருந்தாது.

இத்தகைய அறிவுரைக்கு ஒரு காலத்தில் பெரிய பெயர்களே துணை நின்றன. குழந்தையைக் கட்டியணைக்காதீர்கள், காலையில் கைகுலுக்கினால் போதும் என்று 1928-இல் எழுதியவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன். அதைப் படித்துத் தவித்த தாய்மார்களை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

பின்னர் உளவியலாளர்கள் சில்வியா பெல், மேரி ஐன்ஸ்வொர்த் இருவரும் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 26 குழந்தைகளை அவரவர் வீட்டிலேயே ஓராண்டு கவனித்து, 1972-இல் முடிவை வெளியிட்டார்கள். தொடக்க மாதங்களில் அழுகைக்கு உடனே ஓடிவந்த தாய்மார்களின் குழந்தைகள், ஆண்டு இறுதியில் குறைவாகவே அழுதன. சைகையாலும் குரலாலும் தேவையைத் தெரிவித்தன. சிறிய ஆய்வுதான், உடனே ஓடிவருவதற்கும் அழுகை குறைவதற்கும் இதே அளவு தொடர்பைப் பிந்தைய ஆய்வுகள் எல்லாம் காட்டவில்லை. ஆனால் தூக்கி ஆறுதல்படுத்துவது குழந்தையைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பசியையோ பயத்தையோ தானே அடக்கிக்கொள்ளும் திறன் அந்த வயதில் கிடையாது. பெரியவரின் அணைப்பில்தான் அது மெல்ல வளர்கிறது.

அதற்காக ஒரு நொடி தாமதித்தாலே பாதிப்பு என்று அஞ்ச வேண்டாம். களைத்துப்போனால், குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுச் சில நிமிடங்கள் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பாட்டியோ அப்பாவோ தூக்கட்டும்.