படங்களின் ஒரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும்

கைப்பேசியைத் தொலைத்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: "போன் போனால் போகட்டும், போட்டோ எல்லாம் போய்விட்டதே!" வருத்தம் நியாயமானதுதான். ஆனால் குமரி மாவட்டத்தில் குடியிருந்துகொண்டு, குடும்பப் படங்கள் மொத்தத்தையும் ஒரே இடத்தில் வைத்திருப்பது எனக்கு அசட்டையாகத்தான் தெரிகிறது.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறி நனைக்கிற மண் இது. பீரோவில் பூட்டிவைத்த ஆல்பத்துக்கும் பூஞ்சை பிடிக்கிறது. பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்ட பழைய கல்யாணப் படத்தை இழுத்தால் மாப்பிள்ளையின் வேட்டி தாளில் நிற்கும், முகம் உறையோடு வந்துவிடும். இழுக்காதீர்கள். உறையோடு சேர்த்தே 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்துவிடுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் நம் கடலோரக் கிராமமான கொட்டில்பாட்டில் வீடுகளே போயின. ஆல்பத்தை யார் தேடுவார்கள்? கடற்கரைக்குத்தானே அந்தப் பயம் என்பவர்கள் 2021 நவம்பர் வெள்ளத்தை நினைத்துப் பார்க்கலாம்.

"கூகுளில் இருக்கிறதே" என்பார்கள். கூகுள் போட்டோஸின் அளவில்லாத இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1 முதல் நின்றுவிட்டது. இப்போது ஜிமெயிலையும் சேர்த்து 15 ஜிபிதான். அதில் காலை வணக்கப் பூக்கள் பிடித்திருக்கும் இடம் தனிக் கதை. அந்தச் செயலியில் பேரன் விளையாட்டாக ஒரு படத்தை அழித்தால் கூகுளிலும் அது போகும். குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும், அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகள் யாரும் தொடாத கணக்கையே நீக்கிவிடலாம் என்பதும் அவர்கள் விதி. வாட்ஸ்அப் குடும்பக் குழுவைக் காப்பகமாக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே படம் சுருங்கிவிடும், எடுத்த தேதியின் குறிப்பும் உதிர்ந்துவிடும். அனுப்பியே ஆகவேண்டுமென்றால் ஆவணமாக அனுப்புங்கள்.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அதில் ஒரு பிரதி வெளியிடத்தில். விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் கணக்கு இதுதான். அந்தக் கடைசி நிபந்தனையில்தான் மற்ற ஊர்க்காரர்கள் திணறுகிறார்கள். நமக்கென்ன? மஸ்கட்டில் மச்சானோ பெங்களூரில் மைனியோ இல்லாத குடும்பம் இங்கே அபூர்வம். லீவு முடிந்து திரும்பும்போது நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு ஒரு ஹார்ட் டிஸ்க்கையும் பெட்டியில் வைத்துவிடுங்கள். அடுத்த முறை வரும்போது அதைக் கொண்டுவரட்டும், புதிய படங்களை ஏற்றிக் கொடுத்துவிடலாம்.

அடுக்குவதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். "2020-01 சுசீந்திரம் தேர்" என்று ஆண்டையும் மாதத்தையும் முன்னால் வைத்துக் கோப்புறைக்குப் பெயரிட்டால் அவை தாமாக வரிசையில் நிற்கும். பழைய படங்களில் இருப்பவர்களின் பெயர்களைப் பெரியம்மைமாரிடம் கேட்டு உடனே எழுதிக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

பென் டிரைவை நான் ஒரு பிரதியாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. சட்டைப் பையோடு துவைக்கப் போகிற சாமான் அது. ஹார்ட் டிஸ்க்கிலும், கொடுத்தனுப்பும் முன் நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள். பாதியில் நின்றுபோன காப்பியும் பட்டியலில் முழுப் படம் போலவே தெரியும்.