அது ஐந்து நிமிடக் கிறுக்கல் இல்லை

முந்தாநாளிலிருந்து என் டைம்லைனில் அந்தப் படம்தான். பாரிஸில் வாழ்ந்த பிரெஞ்சு அருவ ஓவியர் பியேர் சூலாஜின் எட்சிங், மேலே "எங்க வீட்டு யூகேஜி பையன் இதைவிட நல்லா கிறுக்குவான்" என்ற வரி, கீழே வரிசையாகச் சிரிப்பு. சிரித்தவர்களில் பாதிப் பேர் என் நண்பர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அது கிறுக்கியது இல்லை. முதலில் அது தூரிகையால் தாளில் இழுத்ததே இல்லை, செப்புத் தகட்டில் அமிலம் அரித்து எடுத்த அச்சு. தூரிகையின் வீச்சு தகட்டில் அப்படியே விழ வேண்டுமென்றால் அதற்கு ஒரு வழி உண்டு. சர்க்கரைக் கரைசலால் வரைந்து, மேலே வார்னிஷ் பூசி, காய்ந்ததும் வெந்நீரில் போடுவார்கள். சர்க்கரை கரைந்து, வரைந்த இடத்தில் மட்டும் வார்னிஷ் பெயர்ந்து வரும். ரோசின் என்ற மரப் பிசின் பொடியைத் தூவிச் சூடுகாட்டி, அப்புறம்தான் அமிலம். பல வண்ணம் என்றால் பெரும்பாலும் வண்ணத்துக்கு ஒரு தகடு. எல்லாம் ஒரே தாளில் இம்மி பிசகாமல் உட்கார வேண்டும். போதாததற்கு, அச்சில் இடது வலதாக மாறிவிடும்.

"ஓரமெல்லாம் எலி கடிச்ச மாதிரி" என்று ஒருவர் எழுதியிருந்தார். 1957இல் சூலாஜின் தகட்டை அமிலம் துளைத்தே விட்டது. அவர் அதைத் தூக்கிப் போடவில்லை. அந்தத் துளை வழியே தாளின் வெள்ளை வருவதைப் பார்த்து, தகட்டின் உருவத்தையே அமிலத்தால் செதுக்க ஆரம்பித்தார். நீங்கள் சிரித்த ஓரம் அதுதான்.

அதே பாரிஸில் இன்னொரு அருவ ஓவியர், ஹான்ஸ் ஹார்ட்டுங். ஒரே மூச்சில் வீசிய கோடுகள் போலத் தெரியும் அவருடைய பழைய கேன்வாஸ்கள் பலவும் சிறு ஓவியங்களைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கியவை. 1960இல் வெனிஸ் பியன்னாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் ஓவியத்துக்கான பெரும் பரிசு வாங்கியவர். ஐந்து நிமிட வேலையா அது?

கல்லூரியில் நாங்கள் ஜிங்க் தகடும் நைட்ரிக் அமிலமும்தான். குமிழி கட்டினால் கோடு கெட்டுவிடும் என்று இறகால் நீவிக்கொண்டே நிற்போம். கடைசி வருடக் கண்காட்சிக்கு வந்த பெரியப்பா என் அச்சைப் பார்த்து, "இதுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் ஆகியிருக்குமா?" என்றார். அன்பாகத்தான் கேட்டார். இன்றும் வலிக்கிறது.

"உழைத்தால் மட்டும் ஓவியமாகிவிடுமா?" என்பீர்கள். ஆகாது, சரி. ஆனால் நீங்கள் படம் பிடிக்கவில்லை என்றா சொன்னீர்கள்? அவர் ஒன்றுமே செய்யவில்லை என்றல்லவா சொன்னீர்கள்.

"வெள்ளைக்காரன் கலை, நமக்கெதற்கு" என்றும் ஒரு குரல். இதற்குப் பதில் சொல்லவே கோபம் வருகிறது. சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்த கிருஷ்ண ரெட்டி பாரிஸுக்குப் போய், அச்சுக் கலைஞர் ஹேட்டரின் பட்டறையில், ஒரே தகட்டில் பல வண்ணம் ஏற்றும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவரானார். மையின் கெட்டித்தன்மையை எண்ணெயால் கூட்டிக் குறைத்து, மெத்தென்ற ரோலரும் கடினமான ரோலரும் மாற்றி மாற்றி உருட்டி. உலகம் அதை அவரிடம் கற்றுக்கொண்டது. நாம் அவர் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை.

பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், உங்கள் உரிமை. ஆனால் இந்த அச்சுக் கலையைப் படிக்க, பிரிண்ட்மேக்கிங் சேர்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அவள் அப்பாவே அந்தப் பதிவை அனுப்பியிருக்கிறார், "இதுக்கா ஃபீஸ் கட்டுறேன்" என்று கேட்டு. நேற்று ராத்திரி அவள் அதை எனக்கு அனுப்பினாள். சிரித்த நண்பர்களே, அந்த அப்பாவுக்கு யார் பதில் சொல்லப்போகிறீர்கள்?