ஷா டின்: ஆற்றையும் சேர்த்தே பேச வேண்டும்

ஹாங்காங்கின் ஷா டின் புதுநகர் வளர்ந்த கதையைக் கூறும் ஒரு கட்டுரையைப் படித்தேன்; அது, அடுக்குமாடிக் குடியிருப்புகளையே அதற்கு முதன்மைக் காரணமாகக் காட்டுகிறது. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. 1970களின் தொடக்கம் வரை வயல்களும் சிற்றூர்களும் சூழ்ந்த சிறு சந்தை ஊராக இருந்த ஷா டின், 2021 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 6.9 லட்சம் மக்கள் வாழும் மாவட்டமாக உயர்ந்திருக்கிறது என்றால், 1967இல் திறக்கப்பட்ட லயன் ராக் சுரங்கப்பாதையும் 1983இல் முழுவதும் மின்மயமான ரயில் பாதையும் ஹாங்காங்கின் நகரப் பகுதியான கவுலூனை எட்டும் தொலைவுக்குக் கொண்டுவந்ததே அதற்கு அடிப்படை என்பேன்.

ஷா டின் வழியே ஓடும் ஷிங் மூன் ஆற்றை அக்கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது வருத்தமளிக்கிறது. ஆழமற்ற கடற்கழியைத் தூர்த்து நிலம் எடுத்தபோது, அந்த ஆறு நேரான கரைகளுக்குள் கால்வாயாக அடக்கப்பட்டது; பண்ணைக் கழிவும் ஆலைக் கழிவும் வீட்டுக் கழிவும் கலந்து, 1980களில் அது துர்நாற்றம் வீசியது. கழிவுகள் கலப்பதைத் தடுத்து, அடியில் படிந்த சேற்றையும் சீர்செய்த பின்னரே, துடுப்புப் படகுகள் பயிற்சி செய்யும், கரையோரம் மிதிவண்டிப் பாதை நீளும் ஆறாக அது மீண்டது. குடியேற்றம் விரைவாகவும் கழிவுநீர் ஏற்பாடு மெதுவாகவும் நடந்தால் ஓர் ஆறு என்ன பாடுபடும் என்பதையும் கட்டுரையாசிரியர் அடுத்த பகுதியில் விரிவாக எழுத வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.