பினாங்குத் தட்டை வைத்து எங்கள் ஊர்க் கடையை அளக்காதீர்கள்

"சுங்கை சிப்புட்டில் என்ன இருக்கிறது, சாப்பிட்டால் பினாங்கில் சாப்பிட வேண்டும்" என்று நம் ஊர்ப் பிள்ளைகளே எழுதுகிறார்கள். பேராக்கில் இருக்கிற எங்கள் ஊரை இப்படிச் சொல்வதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். லாரி ஓட்டிப் பிழைத்தவன் நான், வடக்கே கெடா முதல் தெற்கே ஜொகூர் வரை போன இடத்திலெல்லாம் கடைச் சாப்பாடுதான்.

பினாங்கு நாசி கண்டார் அருமையான சாப்பாடு, மறுக்கவே மாட்டேன். ஆனால் அது யாருக்காக வந்தது? தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் கம்பைப் போட்டு, ஒரு பக்கம் சோறு ஒரு பக்கம் குழம்பு என்று சுமந்துகொண்டு போய்த் துறைமுகக் கூலிகளுக்கு விற்ற சாப்பாடு அது. மூட்டை தூக்குகிறவனுக்குச் சீக்கிரம் வயிறு நிறைய வேண்டும். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பருப்பு எல்லாம் ஒரே தட்டில் கலந்து விழுவது அந்தப் பசிக்குத் தோதான பழக்கம். 1907-இல் தொடங்கிய ஹமீதியா நாசி கண்டார் கடை இன்னும் கேம்பல் தெருவில் நடக்கிறது என்றால் அந்தக் கலவைக் குழம்பை யாரும் மாற்றத் துணியவில்லை என்றுதான் அர்த்தம்.

ஜொகூர் பாருவில் வேறு கதை. விடியும் முன்னே பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற கூட்டம், உட்கார்ந்து சாப்பிட நேரம் ஏது, நான் நிறுத்திய கடைகளில் பாதிக்கு மேல் புங்குஸ்தான், அதாவது பொட்டலம் கட்டி வாங்கிப் போவதுதான். கோத்தா பாருவில் காலையிலேயே சோறு, சங்குப்பூ போட்ட நீலச் சோறு, பக்கத்தில் பச்சிலையும் தேங்காய்ப்பூவும். அங்கே குழம்பில் இனிப்பு தூக்கல், எனக்கு ஒத்துவராது, அதற்காக அவர்கள் சமையலைக் குறை சொல்ல நான் யார்? கிள்ளான் வாழை இலைக் கடைகளைப் பற்றி நான் சொல்லியா தெரிய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பாருங்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். இது ரப்பர் தோட்டத்து ஊர். வெயில் ஏறும் முன் குளிர்ச்சியில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்கும், அதனால் மரம் சீவப் போகிறவர்கள் இருட்டிலேயே கிளம்பினார்கள், ஒட்டுக்கடைகளும் அவர்களுக்கு முன்னே விளக்கேற்றின. காலையில் பசியாற வடை, தோசை, தே ஓ என்கிற பால் விடாத தேநீர். மத்தியானம் வேலை முடிந்து வருகிறவனுக்குச் சோறு நிறைய வேண்டும், இறைச்சியோ சம்பள வாரத்தில் மட்டும், மற்ற நாளெல்லாம் கருவாடும் நெத்திலியும், அதுவும் 555 என்கிற சின்னக் கணக்குப் புத்தகத்தில் கடன் எழுதி. கொஞ்சம் குழம்பில் நிறையச் சோறு இறங்க வேண்டும் என்றால் புளியும் காரமும் தூக்கலாகத்தானே இருக்க வேண்டும்!

நான் போகிற கடையில் அக்கா கருவாட்டைக் கழுவி வெந்நீரில் போட்டு எடுத்து, கத்தரிக்காயும் மாங்காயும் சேர்த்துக் கெட்டிப் புளியில் கொதிக்க விடுவார். எண்ணெய் மேலே மிதந்ததும் இறக்கிவிடுவார், ஆனால் உடனே ஊற்றித் தரமாட்டார். "கொஞ்சம் பொறு தம்பி, உப்பு இறங்கட்டும்" என்பார். பதினோரு மணி வாக்கில் சட்டியைத் திறந்தால் கத்தரிக்காய் கருவாட்டு உப்பை முழுக்கக் குடித்திருக்கும். இந்த ருசி எனக்குப் பினாங்கிலும் கிடைக்கவில்லை, கோலாலம்பூரிலும் கிடைக்கவில்லை.

எனக்குக் கோபம் எங்கே வருகிறது தெரியுமா? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டத்து லயத்து வீடுகளை விட்டு நம் ஜனங்கள் தாமான் என்கிற குடியிருப்புகளுக்கு வந்துவிட்டார்கள், சரி, அது காலம். ஆனால் இங்கே புதிதாகத் திறக்கிற நம் ஆட்களின் கடைகளில் பளபளவென்று விளக்கு, சீஸ் நான், தந்தூரி, எல்லாம் தலைநகரத்தில் பார்த்து வந்தது. கருவாட்டுக் குழம்பு விலைப்பட்டியலிலேயே இல்லை. கேட்டால் "அது வீட்டுச் சாப்பாடு அண்ணே, யார் காசு கொடுத்துச் சாப்பிடுவார்கள்" என்கிறார்கள். ஏன் சாப்பிட மாட்டார்கள்? 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மலேசியாவின் காலையில் பசியாறும் பழக்கத்தைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றையும் சொல்லி. மூன்றுமே சாதாரண ஜனங்கள் தினமும் சாப்பிட்டது. அப்படி இருக்க நம் தோட்டத்துச் சாப்பாட்டைக் கடையில் வைக்க என்ன கூச்சம்?

கடை திறக்கப் போகிற தம்பிகளே, தந்தூரி அடுப்பு வேண்டுமானால் வாங்குங்கள், அதன் பக்கத்தில் ஒரு சட்டி கருவாட்டுக் குழம்பும் வையுங்கள். கூலிம், பாகாவ், பீடோர் பக்கம் இருப்பவர்கள் உங்கள் ஊர்க் கடையில் மட்டும் கிடைக்கிற குழம்பு எதுவென்று கீழே எழுதுங்கள், முதலிடம் இரண்டாமிடம் எல்லாம் வேண்டாம். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடுங்கள், அப்புறம் கருவாடு கிடைக்காது.