தம்பியின் கைப்பேசியைத் திறக்கச் சொன்னது தவறு

தேயிலைத் தோட்டத்து வட்ஸ்அப் குழுவில் எழுதியதற்காக ஒரு தம்பியைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டு, கைப்பேசியைத் திறக்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தம்பியையே குறை சொல்கிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. "கடவு எண்ணை ஏன் கொடுத்தான்?" என்கிறீர்கள். பொலிஸ் நிலையத்தில் நான்கு பேர் சூழ்ந்து நின்றால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? நீதிமன்ற உத்தரவைக் காட்டுங்கள் என்று கேட்க அந்தப் பிள்ளைக்கு நாம் யாராவது சொல்லிக்கொடுத்தோமா? அவனுடைய கைப்பேசியைத் திறக்கச் சொன்னவர்கள் செய்ததுதான் தவறு.

அவன் எழுதியது என்ன? தராசில் தேயிலைக் கொழுந்தின் நிறையைக் குறைத்துப் போடுகிறார்கள் என்று தோட்டத்து வட்ஸ்அப் குழுவில் எழுதினான். அவ்வளவுதான்.

"மறைக்க ஒன்றும் இல்லாவிட்டால் பயம் எதற்கு?" என்று ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பிறந்தவர் இதைக் கேட்கலாமா? எங்கள் பிள்ளைகளுக்குக் கதவு சாத்திப் பேச வேறு இடம் ஏது? வெளிநாட்டில் வீட்டுவேலை செய்யும் அவன் அம்மாவின் அழுகுரல் பதிவுகளும் அதே கைப்பேசியில்தான் இருந்தன. அதையும் கேட்டிருப்பார்கள்.

நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது கடிதங்கள் தோட்டத்து ஆபிசுக்குத்தான் வரும். தோட்டத்து மக்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் அங்கே போன பெரியப்பா எழுதியவை பிரித்து ஒட்டிய உறையோடு கைக்கு வரும். அக்காவின் நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்த பிறகுதான் வந்தது. ஏன் என்று கேட்க அப்பாவுக்குத் தைரியம் வரவில்லை. எத்தனை தலைமுறைக்கு எங்கள் கடிதத்தை அடுத்தவர் படிப்பார்கள்?

கண்டிப் பக்கம் திகனயில் நடந்த கலவரத்தை மறந்துவிட்டாயா என்பீர்கள். மறக்கவில்லை. 2018 மார்ச்சில் வெறுப்புச் செய்திகள் பரவியதும், முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் எரிந்ததும் உண்மை. தூண்டியவனைப் பிடியுங்கள், நானும் சாட்சிக்கு வருகிறேன். ஆனால் அந்தக் கலவரத்தின்போது முடக்கியது போலவே 2022 ஏப்ரலிலும் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கினார்களே, அப்போது மக்கள் எந்த இனத்தைத் தாக்கச் சொன்னார்கள்? ஜனாதிபதியை வீட்டுக்குப் போகத்தானே சொன்னார்கள்? அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுரிமையைத் தருகிறது; அந்தரங்க உரிமையைத் தனியான அடிப்படை உரிமையாக அது சொல்லவில்லை. 2024இல், இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. எது பொய்க் கூற்று என்று ஓர் ஆணைக்குழு தீர்மானிக்குமாம். கொழுந்து நிறை குறைகிறது என்பது பொய்யா மெய்யா என்பதைத் தராசுக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்களிடம் கேளுங்கள்.

தேர்தலுக்கு லயம் லயமாக வந்த தலைவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த வட்ஸ்அப் குழுவில் இப்போது காலை வணக்கம்கூட யாரும் போடுவதில்லை.

திங்கட்கிழமை அவனை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். ஹட்டன் பக்கம் இருக்கும் சட்டத்தரணிகள் யாராவது கூட வர முடிந்தால் என்னை அழையுங்கள். பின்னூட்டத்தில் அவன் பெயரையோ தோட்டத்தின் பெயரையோ எழுத வேண்டாம்.